மிஸ்ஸுக்கென்று எடுத்து வைத்த மீன்

எங்கள் கருவாட்டு வாடியில் இப்போது மீன் இரண்டு வகை. ஒன்று ‘மிஸ் மீன்’. மற்றது ‘எங்கட மீன்’. கடலில் இந்தப் பெயர்களில் எந்த மீனும் ஓடுவதில்லை. வள்ளம் கரைக்கு வந்து கூடை கவிழ்ந்ததும் என் மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் ராத்தா, மூத்த சகோதரி, ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். “இது மிஸ் மீனு, இது எங்கட மீனு” என்று இரண்டு பக்கமாக எறிவார். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் சிரிப்பார்கள். ஏன் அப்படிப் பெயர் என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் இனிச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கருவாடு சுற்ற வந்த பழைய பேப்பரிலும், வாடிக்கு வந்து போன மனிதர்களின் வாயிலும்தான். மனிதர் வாயில் படிப்பது எனக்குப் பிடிக்கும். பேப்பரில் எழுதியவன் திரும்பிப் பதில் சொல்ல மாட்டான்; மனிதர்கள் சொல்வார்கள்.

கண்டக்குழிக் கரையில் எங்களுடையது சின்னக் கருவாட்டு வாடி. தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில், உப்புப் போட நாலைந்து தொட்டிகள், மீன் காயப்போட ஒரு முற்றம். வீட்டுக்காரர் வள்ளத்தில் போவார். நானும் மதினியும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் வெட்டி, உப்பிட்டு, காயவைத்து, சாக்கில் கட்டி அனுப்புவோம். பிடிபடுவதில் நல்ல மீனை லொறிக்காரன் பச்சையாகவே எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவன் காலால் தள்ளிவிட்டுப் போவதுதான் கருவாடாகும். உலகத்தில் எங்கேயும் கருவாடு அப்படித்தான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். நல்ல மீனை எவனாவது வெயிலில் போடுவானா?

எங்களுக்கு இரண்டு பகை. ஒன்று மழை. மற்றது சோளகக் காற்று. “சோளகம் எழும்பினா கஞ்சியிலயும் மண், கனவுலயும் மண்” என்பார் மதினி. காய்கிற மீனில் மண் ஒட்டினால் ஒட்டினதுதான். ஊர்ச் சந்தையில் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை, கழுவிவிட்டுச் சமைப்பார்கள். ஆனால் எங்கள் கருவாட்டை அதிகம் எடுப்பவர் சிலாபத்து முதலாளி ஒருவர். சிங்களவர், தமிழை வியாபாரத்திலேயே பழகியவர். கொழும்புப் பக்கத்துப் பெரிய கடைகளுக்குக் கொடுக்கிறவர். அவர் ஒருநாள் முற்றத்தில் நின்று ஒரு கட்டா மீன் கருவாட்டை முறித்துத் தட்டிக் காட்டினார். மணல் உதிர்ந்தது.

“நோனா, ருசி நல்லம். ஆனா கொழும்பு ஆக்களுக்குப் பல்லுல மண் பட்டா திரும்ப வாங்குறது இல்ல. மண் இல்லாம, எல்லாப் பக்கட்டும் ஒரே மாதிரி, மழைக் காலத்துலயும் குடுக்க ஏலும் எண்டா நான் வருசம் முழுக்க எடுக்கிறன். ஏலாட்டி நான் வேற எடம் பாக்கணும். கோவிக்க வேணாம்.”

நான் கோபிக்கவில்லை. பயந்தேன். மழை மாதங்களில் வாடியில் வேலையில்லாமல் எங்கள் பெண்கள் முந்தல் பக்கத்து இறால் பண்ணைகளுக்குப் போய்விடுவார்கள். விடியுமுன் லொறியில் ஏறினால் பொழுது பட்டுத்தான் இறங்குவார்கள். பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவளும் இருந்தாள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. இன்னொரு பக்கம், பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்கு அறைகள் கட்ட ஒருவர் எங்கள் காணியைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். வீட்டுக்காரர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லும் விதத்திலேயே எனக்கு விளங்கியது. முதலாளி போய்விட்டால் வாடியும் போய்விடும்.

வழியைக் காட்டியவரும் அதே முதலாளிதான். கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், படிப்பிக்கிற ஒரு மிஸ், வெயிலாலேயே மீன் காயவைக்கும் வீடு ஒன்றைச் செய்கிறாராம். சோதித்துப் பார்க்க ஒரு வாடி தேடுகிறாராம். அனுப்பி வைக்கவா என்று கேட்டார். அனுப்பச் சொன்னேன்.

மிஸ் வேனில் வந்து இறங்கினார். முப்பதைத் தொட்ட வயது, மெலிந்த தேகம். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பத்துப் பிள்ளை. இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து வந்ததைக் கண்டு மதினி, “இவ நல்லா இரிப்பா” என்று என் காதில் தீர்ப்புச் சொன்னார். வளைத்த கம்பிகள், தடித்த பொலித்தீன், உள்ளே அடுக்க வலைத்தட்டுகள், வெயிலில் ஓடும் ஒரு சின்ன விசிறி எல்லாம் வந்திறங்கின. வீடு எழும்பியபோது பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“மீனுக்குக் கலியாணப் பந்தல்” என்றாள் ஒருத்தி.

“மாப்பிள்ள ஆரு?” என்றாள் மற்றவள்.

“உப்புத்தான். வேற ஆரு இந்த நாத்தத்தக் கட்டுவா?”

மிஸ் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அன்றைக்கே எங்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது. எல்லாம் கெட்டுப்போனதும் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

என் உம்மா ஒன்று சொல்வார்: “விருந்தாளிட தட்டுல வால்துண்டு கெடக்கப்படாது.” மீனில் நடுத்துண்டு விருந்தாளிக்கு, தலை வீட்டு ஆம்பிளைக்கு, வால் நமக்கு. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கை தானாகச் செய்யும். மிஸ் வருகிற நாள் தெரிந்தால் முதல்நாளே வாடியைக் கூட்டி, தொட்டிகளைத் தேய்த்து, பெண்கள் பெருநாளுக்கு எடுத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு மீன் வெட்ட உட்காருவார்கள். மதினி வட்டிலப்பம் அவித்துக்கொண்டு வருவார். மிஸ் தராசில் மீனை நிறுப்பார். சின்னத் துண்டுகளாக வெட்டிப் பைகளில் போட்டுக்கொள்வார். வீட்டுக்குள்ளே எவ்வளவு சூடு, வெளியே எவ்வளவு சூடு என்று பார்ப்பார். வேர்வையில் குளித்து வெளியே வருவார். “தேத்தண்ணி குடிங்க மிஸ், மீனு எங்கயும் ஓடாது” என்போம்.

அந்த வீட்டில் காய்ந்த கருவாடு எப்படி இருந்தது தெரியுமா? தேன் நிறம். மணல் என்ற பேச்சே இல்லை. பக்கட்டில் அடைத்து மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தோம், அப்படியே இருந்தது. சிலாபத்து முதலாளி ஒரு துண்டைப் பொரிக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு விரலைச் சூப்பினார். “ஹரி, ஹரி, சரிதான். இதுதான் நான் கேட்டது” என்று வருடம் முழுவதற்கும் ஓடர் தந்தார். மிஸ் இதைப் பெரிய மண்டபம் ஒன்றில் படம் போட்டு விளக்கினாராம். இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்களாம். அந்தச் செய்தியை ஃபோனில் சொன்னபோது அவர் குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது. நாங்கள் முதல் வீட்டுக்குப் பக்கத்திலேயே அதைப்போல மூன்று மடங்கில் இன்னொன்று கட்டினோம். இறால் பண்ணைக்குப் போனவர்களைக் கூப்பிட்டு அனுப்பினேன். “இனி மழைக்கும் இஞ்சதான் வேல” என்றேன். அப்படிச் சொன்னபோது வாய் இனித்தது.

மழை தொடங்கியது. பெரிய வீடு நிறைய மீன் காய்ந்தது. பக்கட்டுகள் லொறி லொறியாகப் போயின. சில மாதம் கழித்து ஒரு பகல் முதலாளியின் லொறி வந்தது. ஏற்ற வந்திருக்கிறது என்று பெண்கள் பக்கட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். லொறி இறக்க வந்திருந்தது.

பெட்டிகளை வெட்டிப் பார்த்தோம். சிலவற்றில் கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பாக ஏதோ பூத்திருந்தது, ரோசாப் பூவை அரைத்துப் பூசியதுபோல. சிலவற்றில் சதை முள்ளை விட்டு விலகி, பையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் நாற்றம். முன்பெல்லாம் எங்கள் கருவாடு சாக்கில் போய்ச் சந்தையில் சீக்கிரமே விற்றுத் தீர்ந்துவிடும். அதற்கு வயதாக நேரமில்லை. பளபளக்கும் பைக்குள் அடைத்து, கடைத்தட்டில் மாதக்கணக்கில் நிறுத்தியபோதுதான் அதன் உள்ளே இருந்தது வெளியே வந்திருக்கிறது. அன்றைக்கு இதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியது, லொறி திரும்பிப் போகும்போது வெறுமையாகப் போனது மட்டும்தான்.

முதலாளி ஃபோனில் கூப்பிட்டார். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

“நோனா, நோன்பு வர முன்னம் ஒருக்கா வாறன். அதுக்குள்ள சரி வந்தா பாப்பம். சரி வராட்டி என்ன செய்ய, நானும் கடைக்காரனுக்குப் பதில் சொல்லணும்தானே.”

வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு, “ஏட்டுச் சொரக்கா கறிக்கு உதவாது எண்டு சும்மாவா சொன்னாங்க” என்றார். எனக்குச் சொலவடைகள் பிடிக்கும். ஆனால் களைத்திருக்கிற ஒருத்தியின் தலையில் சொலவடையைப் போடுகிறவனைப் பிடிக்காது. “அப்ப நீங்க மெய்ச் சொரக்காயக் கொண்டு வந்து காட்டுங்களேன்” என்றேன். அந்தச் சொல் எவ்வளவு சரியென்று எனக்கே அப்போது தெரியாது.

மிஸ் வந்தார். இந்த முறை வேன் இல்லை. பஸ்ஸில் வந்து, சந்தியிலிருந்து ஓட்டோவில். முகம் கறுத்துப் போயிருந்தது. வந்த கையோடு இரண்டு வீட்டுக்குள்ளும் போய்ச் சூட்டைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், பொலித்தீனில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. வெளியே வந்து, கவிழ்த்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் பேசினின் மேல் உட்கார்ந்தார். மதினி ஓடிப்போய்க் கதிரை கொண்டு வந்தார். மிஸ் எழும்பவில்லை.

“ராத்தா” என்றார் என்னைப் பார்த்து, “இந்தத் தரம் காயப்போட்ட மீன் எப்ப பிடிச்சது?”

“விடியப் பிடிச்சதுதான் மிஸ். லொறிக்காரன் எடுத்துட்டுப் போன பொறகு மிச்சம் கெடந்தது.”

“மிச்சமோ? அப்ப நான் வரேக்க வெட்டினதும் மிச்சம்தானே?”

மதினிக்கு அவமானமாகிவிட்டது. நெஞ்சில் கை வைத்தார். “என்ட ரப்பே! என்ன கேள்வி மிஸ் இது? ஒங்களுக்குப் போய் லொறிக்காரன் காலால தள்ளின மீனக் குடுப்பமா? அது ஒங்கட மீனு. வள்ளம் வந்த ஒடனே துடிக்கிறதாப் பாத்து எடுத்து, ஐஸ் போட்டு மூடி வெச்சிடுவம். லொறிக்காரன் கேட்டாலும் குடுக்க மாட்டம். இது கம்பஸ் மிஸ்ஸுட மீனு, கை வெக்கப்படாது எண்டு சொல்லிடுவம்.”

“உப்பு?”

“புது உப்பு. புதுத் தண்ணி. எங்கட தொட்டித் தண்ணி பழசு, மணக்கும். அதுல போய் நீங்க கைய வெக்கிறதா?”

மிஸ் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப இவ்வளவு காலமும் நான் என்னத்தை அளந்தனான்?”

“நல்ல மீனத்தான்” என்றார் மதினி, பெருமையோடு.

மிஸ் சிரிக்கத் தொடங்கினார். நாங்களும் சிரித்தோம். அவர் நிறுத்தாமல் சிரித்துக்கொண்டேயிருந்தபோது நாங்கள் நிறுத்திவிட்டோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மண்டபத்தில எல்லாரும் கை தட்டினவை ராத்தா” என்றார். “திட்டம் முடிஞ்சுது எண்டு எழுதிக் குடுத்தாச்சு. வெற்றி எண்டுதான் எழுதினது. இண்டைக்கு நான் லீவு போட்டிட்டுத்தான் வந்தனான்.”

யாரும் பொய் சொல்லவில்லை. இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நீங்கள் காயவைக்கிற மீன் இதுவா என்று அவர் கேட்டார், கட்டாதான் காயவைக்கிறோம், அதுவும் கட்டாதான், ஓம் என்றோம். அவர் படித்த படிப்பில் குறையில்லை, எங்கள் மனதிலும் குறையில்லை. உம்மா இன்னொன்றும் சொல்வார், டிஸ்பென்சரிக்குப் போகிற ஒவ்வொரு முறையும் எங்கள் தலையை வாரிவிட்டுக்கொண்டு: “மொகத்தக் கழுவிட்டுப் போ, நோயக் கழுவிட்டுப் போகாத.” நாங்கள் மிஸ்ஸிடம் நோயைக் கழுவிக்கொண்டு போய்விட்டோம். ஆராய்ச்சிக்கும் வியாபாரத்துக்கும் நடுவில் ஒரு ஒழுங்கை, ஒரு சின்னச் சந்து, இருக்கிறது. எங்கள் ஊர் ஒழுங்கைகளைப் போலவே அதுவும் மணல். மிஸ் அந்தப் பக்கத்திலிருந்து ஒழுங்காகத்தான் வந்தார், நாங்களும் இந்தப் பக்கத்திலிருந்து ஒழுங்காகத்தான் போனோம். நடுவில் வண்டிச் சில்லுப் புதைந்துவிட்டது.

“திரும்பச் செய்வம்” என்றார் மிஸ். “உண்மையான மீனில.”

சொல்வது லேசு. அவர் அடுத்த கிழமை வந்தபோது மதினி மிச்ச மீனைத்தான் வைத்திருந்தார். ஆனால் மிச்சத்திலேயே நல்லதாகப் பொறுக்கி வைத்திருந்தார். மிஸ் செவுளைப் பார்த்துவிட்டு, “இது இல்லை” என்றார். அதற்கடுத்த தடவை மீன் சரி. பழைய உப்புத் தண்ணீர்த் தொட்டியைக் காணவில்லை. கிடுகு போட்டு மூடி, மேலே வலையை எறிந்திருந்தார் மதினி. “மூணாம் ஆளுக்கு முன்னால அழுக்குத் துணிய விரிக்கச் சொல்றீங்களா?” என்று என்னிடம் சீறினார். நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. மிஸ்ஸுக்கு லீவு தீர்ந்துகொண்டிருந்தது. எனக்கு இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நின்று முதுகு விட்டுவிட்டது. விருந்தாளியாக இருக்கிறவரைக்கும் இந்தப் பிள்ளைக்கு எங்கள் வாடி தன் முகத்தைக் காட்டப்போவதில்லை என்று தெரிந்தது. அதை எப்படி அவரிடம் சொல்வது? வராதே என்று சொல்வதுபோல் ஆகிவிடாதா?

கடைசியில் கத்திதான் சொன்னது. ஒரு காலை, வெட்டுகிற பெண்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். மீன் குவிந்து கிடந்தது. மிஸ் என்னிடம் ஒரு பழைய கவுன் கேட்டார். மேலே மாட்டிக்கொண்டு, பலகையில் உட்கார்ந்து, கத்தியை எடுத்து ஒரு கட்டாவை நடுவால் பிளக்கப் பார்த்தார். கத்தி முள்ளில் ஏறிச் சதையைக் கிழித்துக்கொண்டு போனது. அடுத்ததும் அப்படியே. மதினி பார்த்துக்கொண்டேயிருந்தார். மூன்றாவது மீனில் தாங்க முடியவில்லை.

“அடியே புள்ள! மீன வெட்டுறியா, மீனோட சண்ட பிடிக்கிறியா? ஒனக்குக் கை என்னத்துக்கு அல்லாஹ் தந்த? கத்தியச் சரிச்சுப் பிடி! இப்படிக் கொத்தினா பூனையும் திங்காது!”

மற்றப் பெண்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். மதினி வாயைப் பொத்திக்கொண்டார். மிஸ் தலையைத் தூக்காமல், “சரிச்சு எண்டா இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ?” என்று கேட்டார்.

“இந்தப் பக்கம்” என்றார் மதினி. பிறகு, “மற்றக் கையால வாலப் பிடி. பயப்படாத, அது மௌத்தாகிட்டு, இனி உசுரு வராது” என்றார்.

பெண்கள் சிரித்தார்கள். அன்று பின்னேரம் மதினி யாரும் கேட்காமலே வலையை இழுத்தெறிந்து, கிடுகைத் தூக்கி, அந்தப் பழைய தொட்டியைக் காட்டினார். “இந்தா பாரு. எங்கட உம்மா காலத்துத் தண்ணி. குறையக் குறைய ஊத்துவமே தவிரக் கொட்ட மாட்டம். ருசி இதுலதான் இரிக்கி எண்டு நெனச்சம்.” உப்பளத்து ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை, அது கஞ்சத்தனமில்லை, நம்பிக்கை. மிஸ் ஒரு போத்தலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். மூக்கைப் பொத்தவில்லை. அதை மதினி கவனித்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கால் உளைகிறது. மீனுக்கு வாலில் நூல் கட்டினோம். மத்தியானம் வரை மணலில் கிடந்ததற்குச் சிவப்பு நூல், வள்ளத்திலேயே ஐஸ் போட்டதற்குப் பச்சை, பழைய தண்ணீரில் ஊறியதற்கு இரட்டை முடிச்சு. எது எந்தத் தட்டில் என்று பார்க்க வீட்டுக்குள் போவதும் வெந்து வெளியே வருவதுமாக இருந்தோம். நூல் மாறிப்போய் ஒரு முழுத் தட்டைத் தூக்கி எறிந்தோம். பெண்கள் சலித்தார்கள். “நல்ல மீனக் கெடுத்துக் கெடுத்துப் பாக்குற வேலைக்குக் கம்பஸ்ல சம்பளமும் குடுக்குறாங்களாக்கும்” என்றாள் ஒருத்தி. “குடுக்கேல்லை” என்றார் மிஸ், சட்டியில் கையைக் கழுவியபடி. “இதுக்குக் குடுக்கேல்லை.”

பதில் கிடைத்தது. யாருக்கும் பிடிக்காத பதில். வெயில் காயவைக்கும், கெட்டுப்போகத் தொடங்கியதை எந்த வீடும் நல்லதாக்காது. மத்தியானம் தாண்டி மணலில் கிடந்த மீனைப் பையில் அடைக்கக்கூடாது. சிவப்புப் பூத்தது பழைய தண்ணீரால். மதினி அந்தத் தொட்டியைத் தானே சரித்துக் கொட்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை. கொட்டிவிட்டு, “உம்மா வந்து கனவுல ஏசப்போறா” என்று மட்டும் சொன்னார். வள்ளத்தில் ஐஸ் பெட்டி ஏற்ற வேண்டும் என்றபோது வீட்டுக்காரர், “நான் மீன் பிடிக்கப் போறனா, ஐஸ்கிரீம் விக்கப் போறனா?” என்று கேட்டார். ஆனால் ஏற்றினார். அப்படியெல்லாம் செய்தும் பக்கட்டுக்குத் தேறுவது பிடிபாட்டில் ஒரு பங்குதான். மதினி அதற்கு வைத்த பெயர்தான் ‘மிஸ் மீன்’; மிச்சம் ‘எங்கட மீன்’, பழையபடி பாயில் காய்ந்து, சாக்கில் ஊர்ச் சந்தைக்கு. முதலாளி கேட்ட அளவை எங்களால் ஒருநாளும் கொடுக்க முடியாது என்று தெரிந்துபோனது. பெரிய வீட்டின் பாதி, கட்டிய அன்றிலிருந்தே வெறும் வீடு.

நோன்புக்கு முந்திய கிழமை முதலாளி வருகிறார் என்று ஃபோன் வந்தது. மிஸ்ஸும் வந்திருந்தார். காரின் சத்தம் கேட்டதும் மதினியின் கை தானாகப் பச்சை நூல் கருவாடு இருந்த பெட்டியை நோக்கிப் போனது. நான் பார்த்தேன். விருந்தாளி வருகிறார், நடுத்துண்டு அவருக்கு. அந்தக் கை நிற்காவிட்டால் முதலாளி இன்றைக்கு நல்ல கருவாட்டைச் சாப்பிட்டுவிட்டு முழு ஓடரையும் தந்துவிட்டுப் போவார். மழை வரும்போது லொறி திரும்பி வரும். அதோடு எல்லாம் முடிந்துவிடும். தடுக்க எனக்குத் தெம்பில்லை. மிஸ்ஸும் தடுக்கவில்லை.

மதினியின் கை பெட்டி மூடியிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவர் முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். இரண்டு தட்டுகளோடு வந்தார். ஒன்றில் பச்சை நூல் கட்டியது. மற்றதில் சிவப்பு நூல். இரண்டையும் முதலாளியின் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலாளி இரண்டையும் முகர்ந்தார். சிவப்பு நூலை முகர்ந்ததும் தலையைப் பின்னால் இழுத்தார். “அனே! இத ஏன் எனக்குக் காட்டுறது?”

“அதுதான் திரும்பி வந்தது முதலாளி” என்றேன். “அதுதான் கூட வரும். இந்தப் பச்சை நூல் குறைச்சல். இதுல எவ்வளவு வருதோ அவ்வளவுதான் எங்களால பக்கட்டுல தர ஏலும். சில கிழமையில ஒண்டுமே இல்லாமலும் போகும். மழைக் காலத்துல கூட்டித் தர ஏலாது. பொய் சொல்லி ஓடர் வாங்கினா லொறிதான் ஓடும்.”

அவர் மிஸ்ஸைப் பார்த்தார். “மிஸ், மிஷின் பழுதா?”

“மிஷின் சரி” என்றார் மிஸ். “நாங்கதான் மீனை மாத்திப் போட்டிட்டம்.” நீங்கள் என்று சொல்லாமல் நாங்கள் என்று சொன்னார். அது எனக்குப் போதும்.

முதலாளி முற்றத்தில் ஒரு நடை நடந்தார். வெறும் வீட்டுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். வாயைச் சப்புக்கொட்டினார். “பெரிய கடைக்குக் குடுக்க இது காணாது நோனா. ரெண்டு சின்னக் கடை இருக்கு, அதுக்குக் குடுக்கலாம். இருக்கிறத எடுக்கிறன். பொறகு பாப்பம்.”

அவ்வளவுதான். காணி கேட்கிற ஆளுக்கு வீட்டுக்காரர் இப்போது தேத்தண்ணி கொடுக்கச் சொல்வதில்லை. ஆனால் போகச் சொல்வதுமில்லை. நான் கூப்பிட்டு வந்த பெண்களில் சிலர் வாடியில் நிற்கிறார்கள். மழைக்கும் வேலை இருக்கிறது, எல்லோருக்கும் இல்லை. பால்குடிப் பிள்ளைக்காரி நிற்கிறாள்; மற்ற இரண்டு பேர் முந்தல் லொறியில் மறுபடி ஏறிவிட்டார்கள். என்னைக் கண்டால் பேசுவார்கள், ஆனால் நின்று பேசுவதில்லை. வாடி நிற்கிறது. நிற்பதும் ஒரு வேலைதான்.

அன்று முதலாளியைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். மதினி மீன்கறிச் சட்டியோடு வந்தார். முதலாளியின் தட்டில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து வைத்தார். வீட்டுக்காரருக்குத் தலை. அடுத்து மிஸ்ஸின் தட்டுக்குக் குனிந்தார். நாளெல்லாம் நின்ற களைப்பில் யோசிக்காமல் அகப்பையில் வந்ததைப் போட்டுவிட்டு எனக்குப் போட வந்துவிட்டார். நான் மிஸ்ஸின் தட்டைப் பார்த்தேன். வால்துண்டு கிடந்தது. மிஸ் முள்ளை ஒதுக்கிவிட்டு, பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.